அயலாருக்கும் இலை போட்டவர்கள்

2012 ஜனவரியில் போர்ச்சுகலின் பொருளாதார அமைச்சர் ஆல்வரோ சாந்தோஸ் பெரேரா ஒரு கேள்வி கேட்டார். நம் ஊர் பாஸ்தல் டி நாட்டாவை உலகமெங்கும் கிளை பரப்பி விற்க ஏன் இன்னும் யாரும் முன்வரவில்லை? நாட்டா என்பது அடுக்கு மாவுக் கிண்ணத்துக்குள் மஞ்சள் கருவும் பாலும் சர்க்கரையும் சேர்ந்த கலவையை ஊற்றி, மேலே கருகல் புள்ளிகள் விழும்வரை கடும் சூட்டில் சுட்டெடுக்கும் பலகாரம். முந்தைய ஆண்டுதான் அந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நிதியத்திடமும் 7,800 கோடி யூரோ கடன் வாங்கியிருந்தது. சம்பளவெட்டும் வேலையிழப்புமாக வீடுகள் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் அமைச்சர் பலகாரம் பேசுகிறாரே என்று ஊரே கேலி செய்தது. கனடாவில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்துவிட்டு வந்தவர் அவர். வெளிநாட்டுத் தெருக்களில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். லண்டனின் கோல்போர்ன் சாலையில் 1990களிலேயே லிஸ்போவா பத்திசரி என்ற கடையில் அந்த நாட்டாவுக்குக் கூட்டம் சேர்ந்தது. டொராண்டோவின் டன்டாஸ் மேற்குத் தெருவிலும், மாண்ட்ரியலின் செயின்ட் லாரன்ட் பெருந்தெருவிலும், நியூ ஜெர்சியின் நியூவார்க்கிலும் அதற்கு வெகுமுன்பே போர்ச்சுக்கீசியக் கடைகள் வந்துவிட்டன. பெட்டியோடு கப்பலிலும் ரயிலிலும் போய் இறங்கியவர்கள் எந்த அமைச்சகத்தையும் கேட்காமல் அந்தக் காரியத்தைச் செய்து முடித்திருந்தார்கள்.

ஒரு நாட்டின் சமையல் அயல்மண்ணில் வேர்விட்டால், அங்கே குடியேறியவர்கள் நிறையப் பேர் என்று காரணம் சொல்லிவிடுவது வழக்கம். போர்ச்சுக்கீசியர் விஷயத்தில் இந்தக் கணக்கு பொருந்தவில்லை. 1975 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பிரான்ஸில் ஏறத்தாழ ஏழரை லட்சம் போர்ச்சுக்கீசியர் இருந்தார்கள். ஆண்கள் பெரும்பாலும் கட்டட வேலையில், பெண்கள் வீட்டு வேலையிலும் அடுக்குமாடிக் கட்டடங்களைப் பராமரிக்கும் வேலையிலும். அவர்கள் வீட்டு அடுப்புகளிலும் சங்கக் கூடங்களிலும் ஊர்ச் சமையல் குறைவில்லாமல் நடந்தது. ஆனால் பாரிஸ்வாசி ஒருவர் வட ஆப்பிரிக்கரின் கூஸ்கூஸ் கடைக்கும் வியட்நாமியர் கடைக்கும் போய்ப் பழகிய அளவுக்குப் போர்ச்சுக்கீசியர் கடைக்குப் பழகவில்லை. அப்போது போர்ச்சுக்கீசியர் மிகச் சொற்பமாகவே இருந்த பிரிட்டனிலோ இன்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் மிளகாய்ச் சாறு தடவிச் சுட்ட பிரி பிரி கோழி தெரியும். ஊர்க்காரர் வந்தால் போதும் என்று நிறுத்திக்கொள்ளாமல், முன்பின் தெரியாதவரையும் உட்காரவைத்து இலை போடத் துணிந்த ஓட்டல்காரர்களே இந்தச் சமையலை உலகத்துக்குக் கொண்டு சேர்த்தவர்கள் என்பது என் வாதம். அப்படிச் செய்ததற்காக ஊர்ப் பாரம்பரியத்தைக் கெடுத்தவர்கள் என்று அவர்கள்மீது விழும் பழியை நான் ஏற்கவில்லை.

இவர்களில் பெரும்பாலோர் சமையற்காரர்களாகப் புறப்பட்டவர்கள் அல்ல. 1932-இல் பிரதமரான சலாசார் தொடங்கிய சர்வாதிகாரம் 1974 ஏப்ரல் 25 வரை நீடித்தது. நிலமில்லாத கிராமங்களின் வறுமை ஒருபுறம். 1961 முதல் அங்கோலாவிலும் பிறகு கினி-பிசாவிலும் மொசாம்பிக்கிலும் நடந்த காலனியப் போர்களுக்குக் கட்டாயப் படைச்சேர்க்கை மறுபுறம். இரண்டுக்கும் தப்ப, கடவுச்சீட்டு இல்லாமலே பிரனீஸ் மலை தாண்டியவர்கள் ஏராளம். கனடாவுக்கு முறைப்படி போனவர்களின் கதை 1953 மே 13 அன்று சட்டர்னியா கப்பல் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் இறக்கிவிட்ட ஆண்களோடு தொடங்குகிறது. அவர்களுக்குக் காத்திருந்தது பண்ணை வேலையும் ரயில்பாதை வேலையும். 1957-இல் அசோர்ஸ் தீவுகளில் கப்பெலினோஸ் எரிமலை வெடித்து வயல்களைச் சாம்பலால் மூடியபோது, அமெரிக்கா 1958-இல் தனிச்சட்டம் போட்டுத் தீவுவாசிகளை ஏற்றுக்கொண்டது. அந்தச் சட்டத்துக்காக வாதாடிய செனட்டர்களில் ஜான் கென்னடியும் ஒருவர். இப்படிப் போனவர்கள் ஆண்டுக்கணக்கில் மூட்டை சுமந்து, செங்கல் அடுக்கி, அலுவலகத் தரை துடைத்துச் சேர்த்த காசில்தான் கடை போட்டார்கள். அவர்களுக்கு வங்கி கடன் கொடுக்காது, உள்ளூர் மொழி அரைகுறை, சமையலோ அம்மாவிடம் பார்த்தது. அவர்கள் எதை விற்கத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை இந்த நிலைமையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அவர்கள் தேர்ந்தெடுத்தது கரியில் சுட்ட கோழி. கோழியை நடுவே பிளந்து புத்தகம்போல விரித்துத் தட்டையாக்கி, கல்லுப்பும் பூண்டும் எலுமிச்சையும் பூசி ஊறவைப்பார்கள். பிறகு கைப்பிடி வைத்த இரட்டைக் கம்பித் தட்டுக்குள் நாலைந்தை ஒன்றாக அடுக்கிப் பூட்டிக் கங்கின்மேல் வைப்பார்கள். எலும்புப் பக்கம் முதலில் சூடேறும், தோல் பக்கம் கடைசியில். உருகிச் சொட்டும் கொழுப்பு கங்கில் விழுந்து புகையாக எழுந்து மறுபடி இறைச்சியிலேயே படியும். அந்தப் புகைதான் பாதி மசாலா. தட்டைத் திருப்பித் திருப்பி, எண்ணெயும் பூண்டும் மிளகாயும் கலந்த சாற்றைத் தூரிகையால் தடவுவார்கள். வெந்ததும் பெரிய கத்தரிக்கோலால் துண்டு போட்டு, உறைப்பா உறைப்பில்லாமலா என்று கேட்டு, வறுத்த உருளைக்கிழங்கோடு பெட்டியில் வைத்துக் கொடுப்பார்கள். இதற்கு வேண்டிய முதல் மிகக் குறைவு. நாலு மேசை இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டாலும் வாசலிலேயே வியாபாரம் நடக்கும். கோழி பெரும்பாலான மதத்தாரும் தின்பது, மலிவானது, பெயர் சொல்லி விளக்க வேண்டாதது. தெருமுனை வரை போகும் மணம் விளம்பரச் செலவையும் மிச்சப்படுத்தும். சோர்ந்துபோய் வேலை முடிந்து வரும் எந்த நாட்டுத் தொழிலாளிக்கும் அது இரவுச் சாப்பாடு. போர்ச்சுகலின் நூற்றுக்கணக்கான பதார்த்தங்களில் இந்த ஒன்றைக் கதவாக வைத்தது பிழைப்புக்குச் செய்த முடிவு என்றாலும், அதில் இருந்த கூர்மையைச் சமையல் எழுத்தாளர்கள் இன்றுவரை போதிய அளவு பாராட்டவில்லை.

இந்தக் கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதைக் காட்டியது தென்னாப்பிரிக்கா. 1975-இல் மொசாம்பிக்கும் அங்கோலாவும் விடுதலை பெற்றபோது, அங்கிருந்த போர்ச்சுக்கீசியரில் சுமார் ஐந்து லட்சம் பேர் போர்ச்சுகலுக்குத் திரும்பினார்கள். எல்லை தாண்டித் தென்னாப்பிரிக்காவுக்குப் போனவர்களும் நிறைய. ஜோகன்னஸ்பர்க்கின் தென்புறத்தில் ரோசட்டன்வில் என்ற உழைப்பாளர் பகுதியில் அவர்கள் கூடி வாழ்ந்தார்கள். அங்கே சிக்கன்லேண்ட் என்ற சிறு கடைக்கு, போர்ச்சுகலில் பிறந்த ஃபெர்னாண்டோ டுவார்டே தன் நண்பர் ராபர்ட் பிரோசினை 1987-இல் அழைத்துப்போனார். சாப்பிட்டுப் பிடித்துப்போய் இருவரும் கடையையே வாங்கினார்கள். ஃபெர்னாண்டோவின் பெயரைச் சுருக்கி நாண்டோஸ் என்று பெயர் வைத்தார்கள். 1992-இல் லண்டனில் கால்வைத்த அந்த நிறுவனத்துக்கு இன்று உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள். ஒரு புலம்பெயர்ந்தவர், தன் சமூகத்தைச் சேராத நண்பர் ஒருவரைத் தன் சமூகத்தார் கடையில் உட்காரவைத்ததில் தொடங்கியது இது. நிறுவனம் பெரிதாகிவிட்ட பிறகு அதைச் சங்கிலிக் கடை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் பரவலின் முதல் அடி எப்படி நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு வரும், வரவும் வேண்டும். பிரி பிரி போர்ச்சுகலுடையதா? மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. அதைப் போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் கொண்டுவந்தன. நாம் அம்மியில் அரைத்த மிளகாயும் அந்தக் கடல்வழியாக வந்து சேர்ந்ததுதான். ஆப்பிரிக்க மண்ணில் அதை விளைவித்தவர்களும், எலுமிச்சையோடும் பூண்டோடும் சேர்த்து இறைச்சிக்குப் பூசும் பக்குவத்தை வளர்த்தவர்களும் ஆப்பிரிக்கர்கள். காலனிய வீடுகளின் அடுப்படியில் நின்றவர்களும் அவர்களே. மொசாம்பிக்கில் சிபாலோ என்ற கட்டாய உழைப்பும், உணவுப் பயிரை விட்டுப் பருத்தி போடச் சொன்ன கொடுமையும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தாண்டியும் நடந்தன. அந்த வரலாற்றிலிருந்து வந்த சுவைக்குப் 'போர்ச்சுக்கீசியக் கோழி' என்று பலகை மாட்டினால், ஆண்டவரின் பெயர் நிலைத்து, ஆக்கியவரின் பெயர் அழிகிறது. இந்த மறுப்பு நியாயமானது. மொசாம்பிக்கின் பெயர் உணவுப் பட்டியலிலும் பலகையிலும் இருக்க வேண்டும். ஆனால் இதிலிருந்து, அந்தக் கோழியைச் சுட்டு விற்ற குடியேறிக்கு அதன்மேல் உரிமையே இல்லை என்று முடிவு கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ரோசட்டன்வில்லில் கடை நடத்தியவர்கள் லிஸ்பனின் அதிகாரிகளல்ல. மொசாம்பிக்கில் வளர்ந்து, அந்த ஊர் உறைப்பில் நாக்குப் பழகி, இன்னொரு நாட்டில் அகதிபோல வந்திறங்கியவர்கள் அவர்களில் பலர். அவர்களுடைய பாரம்பரியமே இரண்டு கண்டத்துக்கு உரியது. பாதியை மறைக்காமல் முழுவதையும் சொல்லுங்கள் என்று அவர்களிடம் கேட்கலாம். விட்டுவிடுங்கள் என்று கேட்க முடியாது.

இன்னொரு மறுப்பு தாய்நாட்டிலிருந்தே வருகிறது: வெளிநாட்டுக் கடைகளில் கிடைப்பது அசல் அல்ல. அசல் என்று எதைக் கொள்வது? போர்ச்சுக்கீசியரின் உயிர்நாடியான பக்கல்யாவை எடுத்துக்கொள்வோம். உப்பிட்டு உலர்த்திய காட் மீன், நம் வழக்கில் சொன்னால் ஒரு கருவாடு. தோல் மேற்புறம் இருக்கும்படி தண்ணீரில் போட்டு, ஒன்றிரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி உப்பிறக்கிய பிறகுதான் சமையலுக்கு ஆகும். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரவு அது இல்லாத வீடு குறைவு. ஆனால் காட் மீன் போர்ச்சுகலின் கடற்கரையில் பிடிபடுவதே இல்லை. பல நூற்றாண்டுகளாக நியூஃபவுண்ட்லாந்துக் கடல்வரை போய்ப் பிடித்துவந்தார்கள். இப்போது பெரும்பகுதி நார்வேயிலிருந்து வருகிறது. சலாசார் அரசு 1934-இல் தொடங்கிய மீன்பிடி இயக்கம் அந்தப் பழக்கத்தை நாட்டின் அடையாளமாகவே இறுக்கியது. போர்த்து நகரம் தன் பெருமையாகச் சொல்லும் பிரான்செசீனா இதைவிட விசேஷம். ரொட்டிக்குள் இறைச்சி அடுக்கி, பாலாடைக்கட்டி போர்த்தி, பீர் சேர்த்த குழம்பில் மூழ்கடித்துத் தரும் அந்தப் பண்டத்தை 1950களில் அ ரெகலேய்ரா உணவகத்தில் உருவாக்கியவர் டானியல் ட சில்வா. பிரான்ஸில் வேலை பார்த்துத் திரும்பியவர் அவர். அங்கே தின்ற க்ரோக் மிஸ்யே என்னும் சுட்ட ரொட்டியை ஊர் நாக்குக்கு ஏற்ப மாற்றினார். போன ஓட்டல்காரன் திரும்பி வந்து செய்தது இரண்டு தலைமுறைக்குள் ஊர்ச் சொத்தாகியிருக்கிறது. அப்படியிருக்க, டொராண்டோவில் இருப்பவன் கோழிக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு கை சோறு வைத்தால் மட்டும் பாரம்பரியம் கெட்டுவிடுமா?

கோழியும் நாட்டாவும் மட்டும்தான் உலகுக்குத் தெரிகிறது, மற்றதெல்லாம் மறைந்துபோகிறது என்பது இதையும்விட வலுவான குறை. அலென்டேஜோ பகுதியில் பன்றியிறைச்சியையும் மட்டியையும் ஒன்றாகச் சமைப்பதும், வடக்கின் கீரையும் உருளைக்கிழங்கும் கரைந்த கால்டோ வெர்டே சூப்பும், மடங்களில் வெள்ளைக்கருவைத் துணிக்குக் கஞ்சி போடப் பயன்படுத்திவிட்டு மிஞ்சிய மஞ்சள் கருவில் பிறந்த நூறு இனிப்புகளும் எங்கே? குறை உண்மைதான். ஆனாலும் கோழி வந்ததால் மற்றது தடைபட்டது என்பதற்குச் சாட்சி இல்லை. கோழிக்குப் பின்னால் மற்றவை வந்ததற்குத்தான் சாட்சி இருக்கிறது. மாண்ட்ரியலில் ராஷெல் தெருப் பக்கம் கரிக்கோழிக் கடைகளின் முன்னால் எல்லா இனத்தாரும் வரிசையில் நின்று பழகிய பிறகு, 1996-இல் கார்லோஸ் ஃபெரெய்ரா நகரின் வணிக மையமான பீல் தெருவில் ஃபெரெய்ரா கஃபேயைத் திறந்தார். குடியேறிகள் பகுதியை விட்டு வெளியே வந்து, நல்ல மீனும் போர்ட் மதுவுமாக, பிரெஞ்சு உணவகங்களின் விலைக்கு ஈடாக விலை வைத்தார். ஹெலெனா லூரெய்ரோ 2003-இல் செயின்ட் லாரன்ட் தெருவில் போர்ட்டஸ் காலேயைத் தொடங்கினார். போர்ச்சுக்கீசியச் சாப்பாடு என்றால் மலிவுச் சாப்பாடு என்ற எண்ணத்தை இருவரும் உடைத்தார்கள். அதற்கு வரத் தயாராக இருந்த நாக்குகளை உருவாக்கி வைத்தது அந்தக் கரிக்கடைகள்தான்.

லண்டனில் நூனோ மென்டஸின் பாதை இதே விஷயத்தை எதிர்த்திசையிலிருந்து காட்டுகிறது. லிஸ்பனில் பிறந்து, சான் பிரான்சிஸ்கோவில் சமையல் படித்து, ஸ்பெயினின் எல் புல்லி உணவகத்தில் பயிற்சி பெற்றவர் அவர். 2010-இல் பெத்னல் கிரீனில் தொடங்கிய வியாஜான்டேக்கு மிஷலின் நட்சத்திரம் வாங்கினார். 2014-இல் சில்டர்ன் ஃபயர்ஹவுஸில் பிரபலங்களுக்குச் சமைத்தார். அதுவரை அவர் பெயரெடுத்தது பன்னாட்டுப் புதுமைச் சமையலுக்கு. தன் ஊர்ச் சாப்பாட்டை அதன் சொந்தப் பெயரில் முதன்முதலாகப் பரிமாற 2015 வரை ஆனது. ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் சந்தையில் தபேர்னா டு மெர்காடு என்ற சின்ன இடம். அங்கே மீனைத் தாங்களே டப்பாவில் அடைத்து வேகவைத்து, டப்பாவோடே மேசைக்குக் கொண்டுவந்தார்கள். ஏழைவீட்டு அலமாரியில் கிடக்கும் பண்டமென்று போர்ச்சுகலிலேயே பலர் நினைத்த டப்பா மீனை விருந்துப் பொருளாக்கினார் அவர். பன்றிக்கொழுப்பும் போர்ட் மதுவும் சேரும் அபாடி டி பிரிஸ்கோஸ் என்ற முட்டை இனிப்பையும் அங்கே பரிமாறினார். கடை 2018-இல் மூடப்பட்டது. 2022-இல் சார்லட் தெருவில் லிஸ்போயெட்டாவைத் திறந்தார். இத்தனை திறமையும் புகழும் உள்ள ஒருவருக்கே சொந்தச் சமையலை முன்னால் வைக்க இத்தனை ஆண்டு ஆயிற்று. தெற்கு லண்டனில் ஸ்டாக்வெல் பக்கம் மதெய்ரா தீவிலிருந்து வந்தவர்கள் பெயரும் புகழும் இல்லாமல், பாராட்டி எழுத ஆள் இல்லாமல், அதே சமையலைப் பல ஆண்டுகளாகக் காலை முதல் இரவு வரை விற்றுவந்திருக்கிறார்கள். பத்திரிகைகள் மென்டஸைக் கண்டுபிடிப்பாளராக எழுதின. அவர் மதிப்புக்குரியவர். ஆனால் அந்த மதிப்பில் ஸ்டாக்வெல்லுக்கும் பங்கு உண்டு.

கடைச் சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கடைகளில் வழக்கமாகக் காண்பது நீல வெள்ளை ஓட்டுச் சித்திரம், ஃபாடோ இசைப் பாடகியின் படம், வண்ணமடித்த பார்செலோஸ் சேவல் பொம்மை. சேவலை நாட்டின் சின்னமாக உயர்த்தியதில் சலாசார் அரசின் பிரச்சாரப் பொறுப்பாளர் அந்தோனியோ ஃபெரோவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஏழ்மையிலும் சிரித்துக்கொண்டு, பாட்டும் பக்தியுமாய் இருக்கும் கிராமம் என்ற படத்தைத்தான் அந்த அரசு விற்றது. அந்தக் கிராமத்தில் பிழைக்க முடியாமல் ஓடியவர்களே அதன் படத்தைச் சுவரில் மாட்டுவது வரலாற்றாசிரியர்களை உறுத்துகிறது. உறுத்தட்டும். அலங்காரத்தை மாற்றச் சொல்வதில் தவறில்லை, இளைய தலைமுறை மாற்றியும் வருகிறது. ஆனால் சுவரிலிருப்பது அரசு கொடுத்த படம், தட்டிலிருப்பது அம்மா கொடுத்த பக்குவம். முதலாவதைக் காட்டி இரண்டாவதைப் பொய்யென்று சொல்லக்கூடாது.

ஓட்டல் இல்லாமலும் பாரம்பரியம் நிற்கும் என்பதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டில் மதெய்ரா தீவுக்காரர்கள் 1915 முதல் நற்கருணைப் பெருவிழா நடத்துகிறார்கள். நீளமான திறந்த கரிக்குழிகளின்மேல் மக்கள் தாங்களே கம்பியில் குத்திய மாட்டிறைச்சியைச் சுட்டுத் தின்கிறார்கள். நூறாண்டு தாண்டிய அந்த விழாவில் லாபம் தேடும் முதலாளி இல்லை. ஹவாயில் 1878 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த போர்ச்சுக்கீசியர், தவக்காலத்துக்கு முந்தின நாள் பொரிக்கும் மாலசாடாவை வீட்டுப் பழக்கமாகவே காப்பாற்றினார்கள். விழாவின் வலிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விழா ஆண்டில் நான்கு நாள். ஹவாயில் மாலசாடா தீவின் பொதுப் பலகாரமானது, 1952-இல் லியனார்ட் ரேகோ ஹொனலுலுவில் பேக்கரி திறந்து, பண்டிகைக்கு மட்டும் இருந்ததை அன்றாடம் பொரித்து யார் வந்தாலும் விற்ற பிறகுதான். விழா பாரம்பரியத்தைத் தன்னவர்களுக்குள் காத்தது. கடை அதை அடுத்தவர் வாழ்க்கைக்குள் கொண்டுபோனது.

இந்த ஓட்டல்காரர்கள் என்று சொல்லும்போது பெரும்பாலும் ஆண் பெயர்களே வருவதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. பலகையில் கணவன் பெயர், கல்லாவில் கணவன், உள்ளே அதிகாலையில் கருவாட்டுத் தண்ணீர் மாற்றுவதும் கீரையை நூலாக நறுக்குவதும் மனைவி. பல குடும்பக் கடைகளின் பக்குவம் அவர் கையில்தான் இருக்கிறது, காகிதத்தில் இல்லை. அந்தத் தலைமுறை முதுமையடைகிறது. பிள்ளைகள் கணக்காளர்களாகவும் செவிலியர்களாகவும் ஆகிவிட்டார்கள், பெற்றவர்கள் விரும்பியதும் அதைத்தான். வாடகை ஏறும் தெருக்களில் கடைகள் மூடுகின்றன. மாண்ட்ரியலிலும் டொராண்டோவிலும் நியூவார்க்கிலும் உள்ள போர்ச்சுக்கீசியத் துணைத் தூதரகங்கள் தேசிய தினத்துக்கு விருந்து வைக்கின்றன. அந்தச் செலவில் ஒரு பகுதியை இந்தப் பெண்களிடம் உட்கார்ந்து அளவுகளையும் கதைகளையும் பதிவு செய்யச் செலவிட்டால், இன்னும் சில ஆண்டுகளில் எங்கும் கிடைக்காமல் போகப்போகும் ஒரு ஆவணம் மிஞ்சும். கரியடுப்பின் முன்னால் இனி நிற்கப்போகிறவர் பிரேசிலிலிருந்தோ கோவாவிலிருந்தோ மொசாம்பிக்கிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். அவருக்கும் அந்தப் பதிவு தேவைப்படும், சொந்தப் பிள்ளைகளைவிட அதிகமாகவே.